கோணிக்குள் கேட்ட சத்தம்

மல்லாட்டை மண்டி இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். அதன் வாசலில் மழையில் நனைந்து கிடந்த கோணியின் வாடை பட்டதும் எனக்குக் கால் நகரவில்லை.

மண்டியின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். வேர்க்கடலை மூட்டைமேல் படுத்திருக்கும் என் பூனை வெள்ளச்சி, நான் பள்ளிவிட்டு வரும் சத்தம் கேட்டாலே குதித்திறங்கி, என் பாவாடையில் தலையை முட்டித் தேய்த்து, மடியேறிக் குர்குர் என்றபடி தூங்கிவிடும்.

தம்பி பிறந்ததும், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பூனை ஆகாதென்று, கத்தக் கத்த அதைக் கோணியில் கட்டி, ஊரையொட்டிய மலைக்குப் பின்பக்கம் விட்டுவர அப்பா சைக்கிளை எடுத்தார். கேரியரில் கோணியோடு நான்.

“வேணாம்ப்பா, நான் பாத்துக்கறேன்ப்பா.”

“எறங்கி கோணிய மூணு தபா சுத்தும்மா, பூனைக்கு வழி மறந்துடும்.”

அழுதுகொண்டே சுற்றினேன். சுற்றுவது என் கைதான் என்று தெரிந்து, உள்ளே அது குர்குர் என்றது.