ஆளுக்கு ஒரு பதில்

வார நாட்களில் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பாள், ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் காலர் டீச்சர். கம்பெனியில் காலர் கோணினால் தைத்தவளைத்தான் திட்டுவார்கள். கோயிலில் பாடம் கோணினால் பிள்ளைக்குத் தண்டனை.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு சிஸ்டர் வந்து வாய்மொழித் தேர்வு வைப்பார். கடைசியாக வரும் வகுப்புக்கு அந்த வருடம் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை கிடையாது. பாடப் புத்தகத்தை ஒப்பிக்காமல் சொந்தமாகப் பேசியதால் டீச்சரின் வகுப்பு எப்போதும் கடைசி. அதிலும் ஒரு சிறுமி எதைக் கேட்டாலும் "ஏன்?" என்பாள். பெயரே ஏன்குட்டி ஆகிவிட்டது. அவள் தம்பி வேறு வகுப்பு. போன வருடமே நன்மை வாங்கிவிட்டான். வீட்டில் அக்காவை "ஏய் பாவி" என்றுதான் கூப்பிடுவான்.

"இந்தத் தடவையும் எனக்கு இல்லையா டீச்சர்?" என்றாள் ஏன்குட்டி.

டீச்சர் வளைந்து கொடுத்தாள். மற்ற வகுப்புகளில் கேள்வி வரும் வரிசையில் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பதில். அதற்கு மேல் தெரிந்துகொள்வது வீண். அவளும் அப்படியே செய்தாள்.

தேர்வன்று வரிசையின் முதல் பையனுக்குக் காய்ச்சல். எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கடவுள் எத்தனை பேர்?"

"பத்து."

"கட்டளைகள் எத்தனை?"

"ஏழு."

"ஞானஸ்நானம் முதலான அருட்சாதனங்கள் எத்தனை?"

ஏன்குட்டி டீச்சரைப் பார்த்தாள். "பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும்," என்றாள்.

சிஸ்டர் தலை நிமிராமல் மதிப்பெண் போட்டார். தயங்காமல் சொன்னால் முழு மதிப்பெண். கடைசிக் கேள்விக்கு ஆள் இல்லை. வகுப்பே சேர்ந்து "ஆமென்" என்றது.

முதலிடம்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. ஏன்குட்டி வெள்ளைக் கவுனில் நன்மை வாங்கி, தம்பிக்கு நாக்கைத் துருத்திக் காட்டும் வரை காத்திருந்தாள். மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயையோ! முதலிடத்தைத் திருப்பிக் கொடுக்கணுமேம்மா!"

"தாராளமா எடுத்துக்குங்க ஃபாதர். பிள்ளை வாங்கின நன்மையை எப்படித் திருப்பி வாங்குவீங்க?"

சாமியார் வேதசாத்திரம் படித்தவர். மதிப்பெண் ஏட்டில் முதலிடத்தை மட்டும் அடித்தார்.

அடுத்த தேர்வில் கேள்விகளைக் கலைத்துக் கேட்டார்கள். எல்லா வகுப்பும் கடைசி. அத்தனை பிள்ளைகளையும் தள்ளிப்போட முடியாதே, கடைசி வகுப்புக்கு நன்மை இல்லை என்ற விதியைத் தள்ளிப்போட்டார்கள்.