நான் வெளியேறாத வகுப்பு

அந்தச் சனிக்கிழமை மதியம் என் மடிக்கணினித் திரையில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. எட்டில் முகங்கள். ஒன்பதாவதில், கேமராவை அணைத்து வைத்திருந்த ஒருவரின் பெயர் மட்டும். எல்லோரும் மனநல ஆலோசகர்கள். எங்கள் தொழிலில் படிப்பு முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தேன் என்று சான்று காட்ட வேண்டும். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அது இல்லாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். முன்பெல்லாம் அதற்காக ஏதாவது ஓட்டல் அரங்கில் நாள் முழுக்க உட்கார்ந்து, மதியம் பனீர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிவோம். இப்போது எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. தில்லி மயூர் விஹாரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, மற்றவர்களின் துக்கத்தை எப்படிக் கையாள்வது என்று மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அன்று நடந்தது ஆறு மணி நேர வகுப்பின் கடைசிப் பகுதி.

வகுப்பின் முறை எளிது. ஒவ்வொருவரும் தாம் பார்த்துவரும் ஒருவருடைய கேஸை, பெயரையும் அடையாளங்களையும் மாற்றி, மற்றவர்கள் முன் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் யோசனை சொல்லலாம். நடத்தியவர் அறுபதைத் தாண்டிய ஒரு மேடம். அதிகம் சிரிக்காதவர். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஒரே விதியை வாசிப்பார். பேசப்படுகிறவர் நமக்குத் தெரிந்தவரோ என்ற சந்தேகம் எழுந்தாலே போதும், காரணம் எதுவும் சொல்லாமல் அந்த நொடியே வெளியேறிவிட வேண்டும். அதற்குச் சம்மதம் என்று திரையில் ஒரு கட்டத்தில் டிக் செய்த பிறகுதான் உள்ளே போக முடியும். நானும் செய்திருந்தேன்.

அன்று கேஸ் சொன்னவள் போபாலிலிருந்து பேசிய ஓர் இளம்பெண். எழுதி வைத்ததைப் பார்த்து, ஹிந்தியும் ஆங்கிலமுமாக நிதானமாகச் சொன்னாள். நாற்பத்தேழு வயது ஆண், ரயில்வேயில் ஷிப்ட் வேலை, இணையத்தில்தான் பேசுகிறார். வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும், மனைவி மகனைப் படிக்கச் சொல்லிக் கத்தினால்கூட, எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவார். வாளி நிரம்பி வழிந்தாலும் மூடமாட்டார். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பு. அதனால் சங்கச் செயலாளரே வீடு தேடி வந்து எச்சரித்துவிட்டுப் போனார். மனைவி வற்புறுத்தித்தான் ஆலோசனைக்கு வந்திருக்கிறார். இதுவரை கேட்டதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நோட்டில், “சத்தம். சிறு வயது?” என்று குறித்தேன். ஒரு ஆலோசகர் செய்யக்கூடிய சாதாரணக் குறிப்புதான்.

அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். சிறு வயதில் இவருடைய அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் அம்மாவிடம் கத்துவார். அப்போதெல்லாம் இவர் தன் தங்கையைக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே வாளி எப்போது நிறையும் என்று சொல்ல வேண்டும். தங்கை அதை விளையாட்டு என்றே நம்பினாள். வெளியே நடந்தது அவள் காதில் விழாமல் இருப்பதற்காகத்தான் அதைச் செய்தேன் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது என்று அவர் சொன்னாராம்.

எனக்கு ஒரு அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். விமான நிலையத்தில் தரைப்பணியாளர் வேலை, தில்லியின் மறுகோடியில் துவாரகாவில் வீடு. நாங்கள் வளர்ந்தது மோதி பாக் அரசுக் குடியிருப்பில். மாலையில் ஒரு மணி நேரம்தான் அங்கே தண்ணீர் வரும். அப்பா வருவதும் அதே நேரம். சிமெண்ட் தரை, மஞ்சள் பல்பு, மூலையில் இரும்பு வாளி. குழாயிலிருந்து விழும் தண்ணீர் முதலில் தகரத்தில் அறைவதுபோலக் கேட்கும். பிறகு சத்தம் தடித்து, மேலே ஏற ஏற மெலிந்துகொண்டே வரும். நான் அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடுவேன். அண்ணன் சில நேரம் நிறைந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு, “இன்னொரு தடவை” என்பான். ஏன் என்று நான் கேட்டதில்லை. புதிதாக வேலைக்கு வரும் ஆலோசகர்களிடம் இந்த விளையாட்டைப் பற்றிப் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். கவனித்துக் கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது என்பேன். அப்பா கோபக்காரர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் நினைவில் அந்தக் கோபத்துக்குச் சத்தமே இல்லை.

போபால் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. வேலையை மாற்றியிருந்தாள், ஊரை மாற்றியிருந்தாள், மொழியைச் சொல்லவே இல்லை. அந்த மனிதரை அடையாளம் காணக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவள் அந்த ஒன்பது கட்டங்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். தில்லியில் எங்கள் வட்டம் சிறியது என்று தெரிந்துதான் அண்ணன் வெளியூரில் ஆளைத் தேடியிருக்கிறான் என்று பிற்பாடு புரிந்தது. வெளியேறும் பொத்தான் திரையின் மூலையில் சிவப்பாக இருந்தது. கை மவுஸின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம் அவள் பேசினாள். ஒரு வரி விடாமல் கேட்டேன்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எல்லோரும் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். என் முறை வந்ததும் மைக்கைத் திறந்து, எப்போதும் பேசும் அதே குரலில், இதையெல்லாம் அவர் தங்கையிடம் சொல்ல நினைத்ததுண்டா என்று கேட்டேன். மற்றவர்களுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டிருக்கும். மேடம்கூடத் தலையசைத்தார். அந்தப் பெண் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். தங்கையும் இதே துறையில் இருப்பதாகச் சொல்கிறார், என்றாள். “அவளிடம் சொன்னால் அழகாகத் தலையாட்டிக் கேட்பாள். கேட்டு முடித்ததும் நானும் அவளுக்கு ஒரு பேஷண்ட் ஆகிவிடுவேன்.” இதை அவருடைய வார்த்தைகளாகவே வாசித்தாள். நன்றி சொல்லி மைக்கை மூடினேன். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

மறுநாள் காலை மேடத்துக்கு நடந்ததை எழுதினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. அவர் திட்டவில்லை. எந்த இடத்தில் அடையாளம் தெரிந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தேன் என்ற இரண்டை மட்டும் கேட்டார். சொன்னேன். “கேள்வியும் கேட்டீர்கள், இல்லையா” என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பெண்ணிடம் தானே பேசுவதாகவும், அவள் தன் க்ளையன்ட்டிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும், எனக்கு ஆறு மணி நேரமும் கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டு வைத்தார். மூன்றும் சரி. சான்றிதழுக்காக வேறொரு வகுப்பில் சேர்ந்துகொண்டேன். மற்றதற்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

அண்ணனை நானே முதலில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவனுடைய ஆலோசகர் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஐந்து வாரம் அவனிடமிருந்து எதுவும் இல்லை. தீபாவளிக்கு அண்ணி மட்டும் மகனோடு வந்து முறுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவனுக்கு டபுள் ஷிப்ட் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் போபாலோடு பேசுவதை நிறுத்திவிட்டான் என்பதை அவள் வாயிலிருந்துதான் அறிந்தேன். நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு, ஏன் விட்டாருன்னு தெரியல, என்று அவள் சொன்னபோது நான் டப்பாவை வாங்கி உள்ளே வைக்கப் போனேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்தான். துவாரகாவிலிருந்து ஒரே மெட்ரோதான், மாற வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்தான். டீ கொடுத்தேன். பாதி குடித்தபின் கேட்டான்.

“நடுவுலயே எந்திரிச்சுப் போயிருக்கணுமாமே. ஏன் போகல?”

“நீ என்ன சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

யோசித்தான். “மாட்டேன்.”

“அப்புறம்?”

“அச்சா, அதுக்காக? சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம். அதை நீ எடுத்துக்கிட்ட.”

இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கு எங்களுக்கு நல்ல வாக்கியங்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது என்று தொடங்கும். அது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் டீயை வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று இப்போதும் நினைக்கிறேன். “தப்புதான்ணே” என்று மட்டும் சொன்னேன். அவன் ம் என்றான். மீதி டீயைக் குடித்து முடித்தான்.

பிறகு அவனாகவே பேசத் தொடங்கினான். ஒரு நாள் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார், அது அம்மாவின் நெற்றியில் பட்டது என்றான். நான் குறுக்கிட்டேன். அந்தத் தழும்பு பஸ் படியில் விழுந்ததால் வந்தது, அம்மாவே சொல்லியிருக்கிறாள் என்றேன். “அம்மா அப்படித்தான் சொல்வா. நீ உள்ள இருந்தே, உனக்கெப்படித் தெரியும்?” என்றான். அப்பா கை நீட்டமாட்டார் என்றேன். நீட்டினார் என்றான். எந்த வருஷம், எந்த வீடு என்று கேட்டேன். அது அவனுடைய பத்தாம் வகுப்புச் சமயம் என்றான். இல்லை, அப்போது அப்பா மாற்றலில் போயிருந்தார் என்றேன். குரல்கள் உயர்ந்தன. ஆலோசகராக அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தது எல்லாமே தவறு. குறுக்கே பேசினேன், மறுத்தேன், தேதி கேட்டேன், கடைசியில் அழவும் செய்தேன். அவன் எழுந்து போகவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். தட்டு விஷயத்தில் நான் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் அப்பாவின் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது மாதம் ஒரு முறையாவது வருகிறான். பெரும்பாலும் மகனின் மார்க்கு, விமான நிலையத்துப் பயணிகள் என்றுதான் பேச்சு. எப்போதாவது பழையது வரும், வந்தால் சண்டையில் முடியும். போன வாரம் அண்ணி போனில் பேசினாள். கொஞ்ச நாளாக அவன் புதன்கிழமை காலைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் யாரிடமோ பேசுகிறானாம். “மறுபடியும் ஆரம்பிச்சிருக்கார் போல. யார்கிட்டன்னு உனக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “உங்க ஆளுங்கதானே. விசாரிச்சா தெரியாதா?” என்றாள்.

தெரியும். இரண்டு போன் போட்டால் போதும். வேண்டாம் அண்ணி, பேசட்டும் என்றேன். புதன்கிழமை காலையில் அவனைக் கூப்பிடுவதில்லை.