கொத்தடிமை மலைக்கு ஞாயிறு நடை

ஆட்களைக் கூட்டிப்போய் இடம் சுற்றிக்காட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வழி காட்டுவது சுலபம், வந்தவர்கள் வாய்க்குப் பதில் சொல்வதுதான் பாடு. ஒரகடம் பக்கம் கைவிட்ட கல்குவாரி மலை ஒன்று இருக்கிறது. அங்கே குடும்பம் குடும்பமாகக் கொத்தடிமையாகக் கல் உடைத்தவர்களின் கதையை, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பிள்ளைகளுக்கு நடந்துகொண்டே சொல்கிறேன். எங்கள் மகளிர் சங்கம் கொடுத்த வேலை.

'அவர்கள்' என்றுதான் சொல்வேன். நானும் அங்கே கல் உடைத்தவள் என்று சொன்னதில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மண்ணூர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கலைந்துபோகும் என்று பயம்.

தலை எண்ணுவது

குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஆழம் யாருக்கும் தெரியாது. செல்ஃபி எடுக்க எவராவது விளிம்புக்குப் போய்விடுவார்களோ என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எண்ணுவேன்.

ஒரு ஞாயிறு, 'மேஸ்திரி பாறை' என்கிற மேட்டில் நின்று, "காலையிலும் சாயந்திரமும் மேஸ்திரி இங்கிருந்து தலை எண்ணுவான். ஒரு தலை குறைந்தால் எல்லோருக்கும் அடி" என்றேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "அவன் ரெண்டு வாட்டிதானே அக்கா, நீங்க இதோட ஒம்போது!"

ஆள் பிடித்து வைப்பது

சாவு விழுந்தாலும் குடும்பம் முழுதாக வெளியே போக முடியாது. ஒருவரைப் பிணையாக நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். பெரும்பாலும் பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள். இதைச் சொல்லும்போது நான் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஷூவில் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "நம்ம ஹாஸ்டல் வார்டன் பரவாயில்ல பிள்ள, ஆதார் கார்டத்தான் பிடிச்சு வச்சிருக்காவ."

வேனில் வந்தவர்

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேனிலிருந்து கடைசியாக இறங்கியவர், மண்ணூர் மாப்பிள்ளையின் அம்மா. "ஞாயித்துக்கிழமைன்னா வல்லக்கோட்டை கோயிலுக்குப் போவேன்னீங்களே, இங்க இன்னா பண்றீங்க?" என்றார். சங்கத்து வேலை என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

அவர் விடவில்லை. இடிந்த கொட்டகைகளிடம் வந்ததும், பிள்ளையை நிறுத்தி வைக்கும் கதையைச் சொல்லி முடித்தேன். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். சங்கத்தில் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நான் நின்றிருந்தது எங்கள் கொட்டகை வாசலில். "யாரும் சொல்லலைங்க. அம்மாவைப் பெத்த ஆயா சாவுக்கு அம்மாவும் அப்பாவும் போனப்ப, என்னைத்தான் நிறுத்தி வச்சாங்க" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்க அடிமையா கெடந்தது செங்கல் சூளையில, சம்பந்தி. உங்ககிட்ட அத்த எப்படி மறைக்கிறதுன்னு நானும் ஒரு மாசமா தூக்கமில்லாம கீறேன்."

கல்குவாரியைச் சுற்றிக்காட்டி மகளுக்குக் கல்யாணம் முடித்தவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.