மோகிலி மலையும் சாந்தகுமார் சைலன்சரும்

சாந்தகுமார் செய்த சைலன்சரை மாட்டிக்கொண்டு ஒரு ராஜ்தூத் பைக் சித்தூரில் கிளம்பினால், பாகாலா ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து பச்சைக்கொடி காட்டுவார். திருச்சானூர் லாட்ஜில் தூங்குகிறவர்கள் எழுந்து பல் விளக்கி, மணியைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுப்பார்கள். பங்காருபாளையம் மாந்தோப்பில் காயெல்லாம் அந்த அதிர்ச்சியிலேயே பழுத்து விழும். மோகிலி மலை கொஞ்சம் குனிந்து வழி விடும்.

இதையெல்லாம் ஊர் சொல்லவில்லை. சாந்தகுமாரேதான் சொன்னார். அதுவும் சர்ச் வாசலில், ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடுகிற நேரத்தில்.

ஆளுக்கு நாற்பத்திரண்டு வயது. வேலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பாட்டுக்குழுவில் கட்டைக்குரல் அவருடையதுதான், அதனால் முதல் பெஞ்சு. கரி அடைத்த சைலன்சரைக் கழற்றி, விறகு நெருப்பில் சிவக்கச் சுட்டு, உள்ளே பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்குவார். கரி பொலபொலவென்று கொட்டும். மறுபடி மாட்டினால் வண்டி புது மூச்சு விடும். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எழுபத்தொன்பது ஜூலையில் சபைப் போதகர் அசரியா ஐயர் தன் ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மோகிலி மலைக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு சின்ன சபை உண்டு. ஏற்றத்தில் வண்டி திணறுகிறதாம்.

"கரி எடுக்கறதுல என்னா இருக்குது ஐயரே. உள்ள ஓட்டை ஓட்டையா ஒரு குழா இருக்குது பாருங்க, அத உருவி எறிஞ்சிட்டு நேரா வழி உட்டுத் தரேன். பொக தடையில்லாம போனா எஞ்சினுக்குப் பலம். மூக்கு அடைச்சவன் ஓட முடியுமா?"

எதிர்க்கடை லாரி மெக்கானிக் உமாபதி, டீ கிளாசோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், இது ரெண்டு ஸ்ட்ரோக்கு வண்டி. போற பொக கொஞ்சம் முட்டித் திரும்பணும்யா. அப்பத்தான் புதுசா வந்த பெட்ரோல் உள்ளயே நிக்கும். ஒரேயடியா தெறந்து உட்டா எரியாத பெட்ரோலும் கூடவே கெளம்பிப் போயிடும். ரோட்டுல பறக்கும், மலையில படுத்துக்கும்."

"நீ போயி லாரிக்குக் கிரீஸ் போடு."

சனிக்கிழமை வேலை முடிந்தது. சமதளமான வேலூர் ரோட்டில் சாந்தகுமாரே ஓட்டிப் பார்த்தார். சட்டை பலூன் மாதிரி உப்ப, நாய்களெல்லாம் சந்துக்குள் ஓட, வண்டி உண்மையிலேயே பறந்தது. சத்தத்தையும் பலத்தையும் ஒன்றென்று நினைக்க அதற்கு மேல் என்ன வேண்டும். மறுநாள் சர்ச் வாசலில் அந்தப் பேச்சு பேசினார்.

திங்கட்கிழமை காலையில் சேதி வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மேரி அம்மா போய்விட்டார். முப்பது வருஷம் வீடு வீடாக நடந்து வேதம் வாசித்தவர். தன் குழியில் முதல் பிடி மண்ணை ஐயர் கையால்தான் போட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அடக்கம் பதினோரு மணிக்கு.

ஐயர் வண்டி கொட்டகையைத் தாண்டிப் போனபோது சத்தம் அடங்கிப் போயிருந்தது. சாந்தகுமாருக்கு அது காதில் விழுந்தது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். காலைக் குளிர், சூடானால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்.

பங்காருபாளையம் வரைக்கும் வண்டி ஓடியது. மலை தொடங்கியதும், தொண்டையில் மாங்கொட்டை சிக்கின மாதிரி விக்கி விக்கி, பாதி ஏற்றத்தில் நின்றது. ஐயர் வெள்ளை அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் தள்ளினார். அந்த நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் இல்லை. போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. சபையார் ஒரு மணிவரை காத்திருந்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரை ஜெபம் வாசிக்கச் சொல்லிக் குழியை மூடிவிட்டார்கள். ஐயர் மூடின மண்ணின் மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் வண்டி மாங்காய் லாரியில் வந்து இறங்கியது. சாந்தகுமார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு சைலன்சரைக் கழற்றினார். என்ன பார்த்தாரோ, அதையே திரும்ப மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக மோகிலிக்குப் போனார். சாயங்காலம் திரும்பி நேரே உமாபதியிடம் வந்தார்.

"நீ சொன்னதுதான் சரிப்பா. தப்பு என்னுது."

பழைய உள்குழாயைத் தேடி எடுத்து, திரும்பவும் வைத்து, வண்டியை ஐயர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஐயர் திட்டவில்லை. "மிஷின்தானே, உடு சாந்தகுமாரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் கடைசி பெஞ்சு. பாட்டில் கட்டைக்குரல் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், மூன்று மாத நற்கருணைக்கும் கை நீட்டி அப்பம் வாங்க அவர் எழுந்து போகவில்லை. தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் உதட்டால் "டுர்ர்" என்று வண்டி ஓட்டின. திருப்பதியிலிருந்து சைலன்சர் மாற்ற இரண்டு பேர் வந்தார்கள். கரி மட்டும்தான் எடுப்பேன் என்று அனுப்பிவிட்டார். அவர் சம்சாரம் ஞானமணி ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னாங்க, எத்தினி மாசத்துக்கு இப்பிடி?"

"மேரி அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு இல்லாம பண்ண கை. இத எப்பிடி நீட்டறது."

இதுவரைக்கும் எழுதி, வாலிபர் சங்கக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன்பு, இதை எழுதினவன் சாந்தகுமாரிடம் காட்டப் போனான். படித்தால் சிரிப்பார், சிரித்தால் முன் பெஞ்சுக்கு வருவார் என்று ஒரு கணக்கு.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வரியில் சிரித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நல்லாத்தான் எழுதிக்கிறே. ஒண்ணு கேக்கறேன். தொண்டையில மாங்கொட்டைன்னு போட்டுக்கிறியே, ஏன்?"

"சும்மா மாமா. எழுதறப்ப வந்துச்சு."

"துணி வரலையா? கல்லு வரலையா?"

ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு பக்கம் கருகின, நீளமான பெங்களூரா மாங்கொட்டை.

"ஐயர் வண்டி சைலன்சருக்குள்ள இருந்துச்சு. இத நான் ஞானமணிக்குக்கூட காட்டல."

அதை உள்ளே போட்டது இதை எழுதினவன்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருமையைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் குச்சியால் குத்திக் குத்தித் தள்ளியபோது, சர்ச் காம்பவுண்டிலேயே வண்டி புஸ்ஸென்று நிற்கும், சாந்தகுமார் மூஞ்சியைப் பார்க்கலாம் என்றுதான் இருந்தது. மேரி அம்மா இவனுக்கும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து தந்தவர்.

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"கொட்டைய எடுத்துட்டு நானே மலை ஏறிப் பாத்தேன்டா. பழைய சைலன்சர்ல ஏறினதவிட மோசம். நின்னு நின்னு ஏறிச்சு. உள்குழாய நான் உருவலன்னா உன் கொட்டையும் உள்ள போயிருக்காது. அப்பறம் யார் மேல பழி போடறது?"

காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஐயர் வூட்டுக்குப் போயி பேசணும். தனியா போக மூணு மாசமா கால் வரல. முடிவு இன்னும் எழுதாத, நீயும் கூட கெளம்பு."

மாங்கொட்டையை இவன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டார்.