குட்டிக்கீரையும் ஒன்றரை சென்டிமீட்டரும்

நான் டைல் போடுகிறவன். என் மனைவி கீரை வளர்க்கிறவள். இருபது வருடமாக இந்த வட்டாரத்தில் பாதிக் குளியலறைகளுக்குத் தரை போட்டவன் நான், ஆனாலும் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், “கீரைக்கா வீட்டுக்காரர்தானே நீங்க?” என்றுதான் கேட்பார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. இப்போது, “ஆமாங்க, அவரேதான்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அவள் முதலில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். தைக்கிற வேலை இல்லை, தைத்ததைச் சரிபார்க்கிற வேலை. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். காலர் இவ்வளவு, கை இவ்வளவு, பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இவ்வளவு. அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சட்டை திரும்பிப் போகும். பதினான்கு வருடம் இதே வேலை பார்த்தவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறுமா? நான் ஆசையாக ஒரு திரைச்சீலை வாங்கி வந்தால், பிரித்த கையோடு டேப்பை எடுப்பாள். “நாலு சென்டிமீட்டர் கம்மி. உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்.” இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் அளக்காத பொருள் எதுவும் மிச்சம் இல்லை. அப்புறம் ஒருநாள் போனில் எதையோ பார்த்துவிட்டு, “மைக்ரோகிரீன்ஸ் போடப் போறேன்” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முள்ளங்கி, கடுகு, வெந்தயம், பட்டாணி, சூரியகாந்தி, எதுவானாலும் சரி, விதையைத் தட்டில் நெருக்கமாகத் தூவி, முளைத்து இரண்டு இலை விரிந்ததுமே கத்தரித்துச் சாப்பிடுவதாம். ஒரு வாரம், பத்து நாள் வயசுக் கீரை. வாயில் நுழையாத அந்தப் பேரை அவளே கொஞ்ச நாளில் குட்டிக்கீரை ஆக்கிவிட்டாள்.

எங்கள் வீடு மொத்தமே இரண்டு அறை. ஒன்றில் படுப்போம், இன்னொன்றில் சமைப்போம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம். படுக்கிற அறையில் ஜன்னலோரம் இரும்பு அலமாரி வந்தது, அதில் ஐந்தடுக்காகத் தட்டுகள் வந்தன, விளக்கு வந்தது. என் கட்டில் போய்விட்டது. “தரையிலதானே இருபது வருஷமா வேலை பார்க்கறீங்க, தரையிலயே படுங்களேன்” என்றாள். படுத்தேன். வேறென்ன செய்ய?

முதல் முறை முள்ளங்கி போட்டாள். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. “ஐயோ, பூசணம் பிடிச்சிருச்சு!” என்று மூன்று தட்டையும் குப்பையில் கொட்டிவிட்டாள். அடுத்த முறையும் அதே கதை. மறுபடியும் கொட்டினாள். பிறகுதான் தெரிந்தது, அது பூசணமே இல்லை, வேரில் வருகிற மெல்லிய முடி. தண்ணீர் தெளித்தால் அது படிந்து காணாமல் போகும். பூசணம் அசையாமல் அப்படியே நிற்கும். நல்ல கீரையை இரண்டு முறை குப்பைக்கு அனுப்பிய புண்ணியவதி என்று நான் கேலி செய்தபோது அவள் சிரிக்கவில்லை. “சந்தேகம் இருந்தா கொட்டிடணும். சாப்பிடறது யார் வீட்டுப் பிள்ளையோ” என்றாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. அதை நடத்துகிற மேடம், மதியச் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்குக் குட்டிக்கீரை கொடுக்கலாம் என்றார். இவள் வெட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் பிள்ளைகளையே விதை தூவ வைத்தாள். மூன்று வயதும் நாலு வயதுமாக இருபத்து நாலு வாண்டுகள், தினமும் காலையில் தங்கள் கிண்ணத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “வந்துச்சா? வந்துச்சா?” என்று எட்டிப் பார்க்கும். பச்சையாக எதைக் கண்டாலும் துப்புகிற பிள்ளைகள், தாங்களே வளர்த்தது என்றதும் ஆம்லெட்டிலும் ரொட்டியிலும் வைத்துத் தின்றன. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம்.

ஒருத்தன் மட்டும் மசியவில்லை. அவனுக்குப் பள்ளியில் மந்திரி என்று பேர். கையைக் கட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பது போலத் தலையை ஆட்டுவான். கீரையை வாயில் போடுகிற மாதிரி பாவனை செய்து சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். சாயங்காலம் அவன் அம்மா துவைக்கிறபோது பாக்கெட்டில் ஒரு தோட்டமே இருக்கும்.

இன்னொருத்தி குருவி. நாலு வயசு, தூக்கினால் கையில் கனமே தெரியாது. ரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அம்மா பஸ் ஓட்டுகிறவர். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த டானிக்கைக் குருவியின் வாயில் ஊற்றுவதற்குள் அவருக்குத் தாவு தீர்ந்துவிடும்.

மேடத்தின் பள்ளியில் பெரிய கூடத்துச் சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். கழுத்து நெடுக எண்கள். பிள்ளைகளை அதில் சாய்த்து நிறுத்தி உயரம் குறித்து வைப்பார்கள். கீரை ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் ஒருமுறை அளந்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். அடேயப்பா! சராசரியாகப் பார்த்தால் ஒரு பிள்ளை மூன்றேகால் சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. இந்த வயதில் மூன்று மாதத்துக்கு ஒன்றரை, மிஞ்சிப் போனால் இரண்டு என்பதுதான் கணக்காம். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. போஸ்டர் அடித்துவிட்டார். இவள் தட்டோடு நிற்கிற படம், மேலே கொட்டை எழுத்தில்: “குட்டிக்கீரை சாப்பிட்டால் இரண்டு மடங்கு வளர்ச்சி!” சனிக்கிழமை மதியம் பெற்றோர் கூட்டத்தில் அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. தன்னுடைய மற்ற மூன்று பள்ளிகளுக்கும் கீரை இவளே தர வேண்டும் என்றும் பேசியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, மேடம் கொடுத்த அந்த உயரப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். நான் இனிப்பு வாங்கி வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவில்லை. அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பட்டியலையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க, மந்திரி மூணு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கான்.”

“நல்லதுதானே?”

“அவன் ஒரு இலைகூட வாயில வச்சதில்லயே.”

“பாக்கெட்ல வச்சாலே வளருதோ என்னமோ, உன் கீரை” என்றேன். முறைத்தாள்.

“இந்தத் தட்டைப் பாருங்க. ஒரே விதை, ஒரே நாள் போட்டது, ஒரே தண்ணி. இதுலயே ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. இருபத்தி நாலு பிள்ளைங்க, இருபத்தி நாலு வீடு. ஒருத்தர்கூட ரெண்டரைக்குக் கீழ இல்ல. இது எப்படிங்க நடக்கும்?”

நான் இனிப்புப் பெட்டியின் நூலை அவிழ்த்தேன். அவள் பார்வை என் கையில் நின்றது. நகக்கண்ணில் டைல் ஒட்டுகிற பசை காய்ந்து கிடந்தது.

“அந்தக் கூடத்துக்கு நீங்கதானே தரை போட்டீங்க? லீவுல?”

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். ஆமாம், நான்தான் போட்டேன். பழைய சிமென்ட் தரையைக் கொத்தி எடுக்காமல் அதற்கு மேலேயே ஒட்டினேன். பசை ஆறு மில்லிமீட்டர், டைல் ஒன்பது மில்லிமீட்டர். சுவரடியில் நாலு விரல் உயரத்துக்கு டைல் பட்டியும் ஒட்டிவிட்டேன். ஒட்டகச்சிவிங்கியின் குளம்பு அதற்குள் மறைந்துபோனது. ‘குளம்பு போனா என்ன, கழுத்துதானே முக்கியம்’ என்று அன்றைக்கு நானே ஜோக் அடித்தது ஞாபகம் வந்தது. முதல் அளவு பழைய தரையில் நின்று எடுத்தது. இரண்டாவது அளவு என் டைல் மேல் நின்று எடுத்தது.

“ஒன்றரை சென்டிமீட்டர்” என்றேன்.

அவள் பட்டியலில் எல்லோருக்கும் ஒன்றரையைக் கழித்தாள். ஒன்று எழுபது, ஒன்று ஐம்பது, ஒன்று தொண்ணூறு. எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளையும் போலவே வளர்ந்திருந்தார்கள்.

இங்கே என் புத்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “இது இப்ப யாருக்குத் தெரியும்? விடேன். கீரை நல்லதுதானே, சாப்பிட்டா யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?” என்று கேட்டேன்.

“குருவிக்குக் கெட்டுப் போச்சு” என்றாள். “இன்னைக்கு மதியம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ‘பட்டியலைப் பார்த்தேன்கா, என் பொண்ணு வளர்ந்துட்டா, இனிமே அந்த டானிக் வேணாம், நிறுத்திட்டேன், உங்க கீரையே போதும்’னாங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். ஒன்றரை சென்டிமீட்டர் நீங்க போட்டதுங்க. அது பிள்ளை ரத்தத்துல ஏறாது.”

அன்றைக்கே பஸ் பணிமனைக்குப் போனாள். குருவியின் அம்மா, அன்றைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக மாலை வண்டியோடு தொலைதூரம் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. சனிக்கிழமை கூட்டத்துக்குக் கண்டிப்பாக வருவார் என்று மட்டும் தெரிந்தது.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பள்ளிக்குப் போனோம். அவள் கழுத்தில் பழைய அளவு டேப். மேடத்தின் கண் முன்னாலேயே தரையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியின் நூறாவது கோடு வரை இழுத்துக் காட்டினாள். தொண்ணூற்று எட்டரை. மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை, பாவம். ஆனால், “போஸ்டர் எல்லாம் அடிச்சாச்சும்மா. இன்னைக்கு ஒருநாள் போகட்டும். அடுத்த வாரம் மெதுவா சரி பண்ணிக்கலாமே” என்றார்.

“அடுத்த வாரம் வரைக்கும் ஒரு பிள்ளைக்கு மருந்து போகாது மேடம். நான் இன்னைக்கே சொல்லிடறேன். கீரை வேணாம்னாலும் பரவாயில்லை.”

கூடம் நிரம்பியது. பஸ் ஓட்டும் அம்மா சீருடையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். இவள் எழுந்தாள். தொழிற்சாலையில் பதினான்கு வருடம் சட்டைகளோடு மட்டும் பேசியவள். “என் வீட்டுக்காரரைக் கூப்பிடறேன்” என்றாள். கையில் ஒரு டைலோடு, கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல நான் முன்னால் போய் நின்றேன்.

“உங்க பிள்ளைங்க மூணு மாசத்துல மூணேகால் வளரல. அதுல பாதி இவர் வளர்த்தது” என்று என்னைக் காட்டினாள். விஷயத்தை விளக்கியதும் கூடமே கொல்லென்று சிரித்தது. ஒருவர் மட்டும் எழுந்து, “அப்போ இத்தனை நாளா எங்களை ஏமாத்தினீங்களா?” என்றார்.

“ஏமாந்தோம்ங்க. ஏமாத்தறதா இருந்தா இங்க வந்து நிக்க மாட்டேன்.”

“சரி, அப்போ கீரையை நிறுத்திடலாமா?”

“எதுக்கு நிறுத்தணும்? நல்ல சாப்பாடு, சத்து இருக்கு. கழுவித்தான் தர்றேன். பச்சைன்னாலே ஓடின பிள்ளைங்க இப்ப தின்னுதுங்க, அது நிஜம். ஆனா ஒரு பிடி கீரை ஒரு பிள்ளையை நெட்டையாக்காது. முட்டை, பருப்பு, பால், பழம், நல்ல தூக்கம், எல்லாம் சேர்ந்ததுதான் வளர்த்தி. அப்புறம்...” கடைசி வரிசையைப் பார்த்தே சொன்னாள். “டாக்டர் எழுதின மருந்தை என் கீரையை நம்பி யாரும் நிறுத்தாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

பஸ் ஓட்டும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். இவள் முகம் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, பக்கத்து மருந்துக்கடைக்குத்தான் போனார் என்பது கால் மணி நேரம் கழித்து, டானிக் பாட்டிலோடு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. மேடம் தானே எழுந்து போஸ்டரைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினார்.

மற்ற மூன்று பள்ளிப் பேச்சு அதோடு நின்றுபோனது. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தப் பள்ளியில் கீரை தொடர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, “இவ என் பொண்டாட்டிங்க” என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. மறுநாள் போய், புதுத் தரையிலிருந்து அளந்து ஒட்டகச்சிவிங்கிக்குப் புது எண்கள் ஒட்டிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம் மறுபடி அளந்தார்கள். இப்போது மேடம் அளப்பதில்லை, இவளை அழைத்துத்தான் அளக்கச் சொல்கிறார். பெற்றோர் கேட்டுக்கொண்டது அது. மந்திரி இந்த முறை வளர்ந்தது ஒன்று அறுபது, பாக்கெட் இன்னும் பச்சை. குருவி வந்து நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ரத்தப் பரிசோதனையும் தேறியிருக்கிறது என்று அவள் அம்மா காகிதத்தை எடுத்து நீட்டினார். “அது டானிக் பண்ணின வேலை” என்று இவள் முந்திக்கொண்டு சொன்னாள். குருவி ஒன்று தொண்ணூறு.

அந்த அம்மா எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “கீரைக்கா, இதுல டைல் எதுவும் இல்லையே?”

இவள் சிரிக்கவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, குருவியின் குதிகாலடியில் டேப்பின் நுனியை வைத்து, உச்சந்தலை வரை இழுத்து, இரண்டு முறை பார்த்தாள்.

“இல்லம்மா” என்றாள். “இது முழுக்க உங்க பொண்ணுதான்.”