தங்கை வீட்டுக் கல் சுவர்

சுவரில் அழகுக் கல் ஒட்டுகிற அவரை எல்லோரும் ‘தட்டல் மேஸ்திரி’ என்பார்கள். ஒட்டிய ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டி, கெட்டியான சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கல்லைத் தொடுவார். தங்கை வீட்டுத் தோட்டச் சுவரில் மட்டும் அவர் தட்டவில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டியிருந்தார். அந்தக் கல் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

அதனால் அங்கே போகும்போதெல்லாம் சுவரோரத்து பெஞ்சில் அவரே உட்கார்ந்துகொள்வார். வேறு யாரையும் உட்கார விடமாட்டார்.

“உங்க அண்ணன் அவர் ஒட்டின சுவரை விட்டு நகர மாட்டார் போலிருக்கே,” என்று ஒருநாள் மாப்பிள்ளை தங்கையிடம் கேலி செய்தார்.

“பெருமை இருக்காதா அவருக்கு?” என்ற தங்கை, “மாமா பக்கத்துல படுத்துக்கோடா,” என்று கைக்குழந்தையை பெஞ்சில் கிடத்தினாள்.

அவர் குழந்தையை வாரி அவளிடமே கொடுத்தார்.

“பெயிண்டைச் சுரண்டாம ஒட்டிட்டேம்மா. நம்ம வீடுதானேன்னு அலட்சியமா இருந்துட்டேன்.”

மாப்பிள்ளை உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து நீட்டினார். அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு முதல் கல்லைப் பிடித்தார். சுத்தியல் படும் முன்பே அது கையோடு வந்துவிட்டது.