ஜன்னல் திரை ஸ்பிரிங்கில் ஓர் எக்கோ

அறுபதுகளின் நடுவில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். எனக்கு வாய் அதிகம். வேலை சுத்தம் என்பதால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ரயில்வே குமாஸ்தா ஒருவர் கிதாரோடு வந்தார். நான் செய்துகொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயரை வைத்துத்தான் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சினிமாப் பாட்டுல கிதார் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்குதே, நம்ம பொட்டியில வருமா? சத்தம் வறட்டு வறட்டுன்னு இருக்காம். ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துக் கல்யாண ரிசப்ஷன்தான் கடைசி சான்ஸ், இல்லேன்னா எனக்குப் பதிலா அக்கார்டியன் ஆளைப் போட்டுக்கறேன்னுட்டாரு எங்க தலைவர்.”

“வராம எங்க போகும்?” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

கிதாரின் ஒலியை நீளமான ஸ்பிரிங்கின் ஒரு முனையில் அதிரவிட்டு, மறுமுனையில் பிடித்து, திரும்ப வால்வுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே போய்ப் போய்த் திரும்புகிற ஒலிதான் எக்கோ. ஒரு முனைக்குப் பழைய ஹெட்போன், மறுமுனைக்குக் கிராமபோன் பிக்கப். சரியான ஸ்பிரிங்தான் கடைவீதி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் பாதித் திரையைத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கை, மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றினேன்.

“தெருவுல போறவங்கல்லாம் உள்ள பாக்கட்டும், உங்களுக்கென்ன!” என்றாள். ஆனால் முதல் மீட்டல் சுருண்டு சுருண்டு அடங்கியதைக் கேட்டதும், “அட, இன்னொரு தடவை தட்டுங்க” என்று அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிறன்று ஒயர் இழுக்க நான் முன்னாடியே மண்டபத்துக்குப் போய்விட்டேன். குமாஸ்தா என் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். முதல் பாட்டு தொடங்கியது. எக்கோ இல்லை. அதே வறட்டுச் சத்தம். தலைவர் திரும்பி முறைத்தார்.

பாட்டு முடிந்ததும் பெட்டியைத் திரைக்குப் பின்னால் இழுத்து மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங்கின் நட்ட நடுவில் ஒரு அப்பு சந்தனம், மேலே குங்குமம். சுருள்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“எந்த மடையன்யா ஸ்பிரிங்குக்குப் பொட்டு வெச்சது?” என்று கத்தினேன். தலைவரும் வந்து நின்றார்.

“நான்தாண்ணே. புதுசாச்சேன்னு வெச்சேன்” என்றார் குமாஸ்தா.

விட்டேனா? அவர் படிப்பு, வேலை, மூளை எல்லாவற்றையும் இழுத்தேன். “பொட்டியையே பாத்துக்கத் தெரியல, இவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது” என்றார் தலைவர். வேட்டி நுனியை நனைத்துச் சுருள் சுருளாகத் துடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த பாட்டில் கிதார் மண்டபம் முழுக்கத் ததும்பியது. கச்சேரி முடிந்ததும், “அடுத்த வாரமும் இந்தப் பொட்டியோட வந்துடுங்க” என்று தலைவர் அவரிடம் சொன்னார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை காபியை நீட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: “நல்லபடியா நடந்துச்சாமே. நான் பொட்டு வெச்சு அனுப்பினது ராசிதானே?”

“ராசிதான்” என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் குமாஸ்தா கடைக்கு வந்தார். “ஏம்ப்பா, நீ வெக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தலைவர் முன்னாடி உன் எடமே போயிருக்குமே” என்றேன்.

“சொல்லியிருந்தா நேரா வீட்டுக்குப் போய் அண்ணியத் திட்டியிருப்பீங்கண்ணே. பாவம், அவங்க ஆசையா வெச்சாங்க.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திட்டித்தான் இருப்பேன்.